மாத்து ஆள் கிடையாது

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. பாப்பாவுக்கு இருமல். காய்ச்சல் பார்த்தேன், இல்லை. திரும்பப் பார்த்தேன், இல்லை. குகன் சிரித்தார். "நீ தொட்டுத் தொட்டுப் பாக்கறதுலயே அதுக்கு சூடு வந்துரும்."

செய்ய:
இருமல் மருந்து.
கேஸ் சொல்லணும்.
கு. முட்டி ஸ்கேன் ரிசல்ட், வியாழன். நானும் கூடப் போகணும். தனியா விட்டா "ஒண்ணுமில்லயாம்"னு வந்து நிப்பார்.
மணியம் அண்ணன் கட்டுரை.

கடைசியது இன்றைக்கு வந்த புதுத் தலைவலி. மத்தியானம் பாப்பா அப்போதுதான் தூங்கியிருக்கிறாள், திருவிழாக் கமிட்டி மணியம் அண்ணன் போன். ஆடித் திருவிழாவுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம்.

"தொரையப் பத்தி ரெண்டு பக்கம் எழுதும்மா. நீ படிச்ச பொண்ணு. இங்க மத்ததெல்லாம் வாய்ஸ் மெசேஜ் போடற கூட்டம்."

"எனக்கு என்ன தெரியும்ணே? நான் கட்டிக்கிட்டு வந்தவ."

"எல்லாம் தெரிஞ்சதுதான் லா. பில்சன் தொரை. இங்கிலாந்துல சம்பளத்துக்கு பந்து ஆடினவரு. கால் ஒடைஞ்சும் வெளிய வராம முழு ஆட்டமும் நின்னாரு, ஜெயிச்சுக் குடுத்தாரு. அத அழகா எழுது."

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கதை. பத்து காஜா ஊருக்குப் போகிற வழியில் இரட்டைப்பாலத் தோட்டம் என்று ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. கித்தா மரத்தை வெட்டிச் செம்பனை வைத்து, அதையும் பாதி வெட்டி தாமான் வீடுகள் கட்டியாச்சு. மிச்சம் ஒரு அம்மன் கோயில், கால்பந்து ஆடுகிற ஒரு பாடாங். ஆனால் வருஷம் தவறாமல் தோட்டத்துப் பிள்ளைகள் சிலிம் ரிவர், ஹுத்தான் மெலிந்தாங், ஈப்போ என்று எங்கிருந்தெல்லாமோ வந்துவிடுவார்கள். தொழிலாளிகள் குடியிருந்த மேல் லயத்து வாரிசுகள் ஒரு டீம், கீழ் லயத்து வாரிசுகள் ஒரு டீம். ஒரே ஆட்டம். தொரை ரூல்: மாத்து ஆள் கிடையாது. அடிபட்டவன் இடது விங்கில் ஓரமாகப் போய் நிற்கணும், விசில் ஊதுகிற வரைக்கும். கடைசி வரை நின்றவனுக்குத் தொரை படத்துக்கு முன்னால் மாலை. பாதியில் வெளியே வந்தவனுக்கு மாலை இல்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

என் மாமனாருக்கு ஒட்டியது. அவர் செத்த அன்றைக்கு வழி கேட்டு வந்தவர்கள் "பாதி ராமு வீடு எது?" என்றுதான் கேட்டார்கள். நான் என் காதால் கேட்டேன். கு.வும் கேட்டார். தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

மழை இல்லை. துணி காய்ந்தது. இருமல் பரவாயில்லை.

நெட்டில் தொரையைத் தேடினேன். பாப்பா கார்ட்டூன் பார்த்து முடிப்பதற்குள் கிடைத்துவிட்டார். இத்தனை வருஷமாய் மாலை போடுகிறவர்களில் ஒருத்தர்கூட அவர் பேரைத் தட்டிப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் அவர் ஆடின ஊரில் யாரோ பொறுமையான மனுஷன், அந்த ஊர்க் கிளப்பின் பழைய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதி வைத்திருக்கிறார். ஹெர்பர்ட் பில்சனுக்கு ஐந்தாறு வரி.

நிலக்கரிச் சுரங்கத்து ஊர். அப்பா சுரங்கத் தொழிலாளி, இவரும் சின்ன வயதிலேயே உள்ளே இறங்கியவர். பந்து மேலே கொண்டுவந்திருக்கிறது. கிளப் சேர்த்துக்கொண்டது. லெஃப்ட் ஹாஃப். கொஞ்ச சீசன்தான் ஆடியிருக்கிறார். முதல் உலகப் போருக்கு முன்னால். பிறகு ஒரு குளிர்கால மேட்ச். முட்டி திரும்பிவிட்டது. கால் உடையவில்லை, முட்டி. அந்தக் காலத்தில் எந்த மேட்ச்சிலும் மாத்து ஆள் கிடையாதாம், அடிபட்டவனைக் கொண்டுபோய் விங்கில் நிறுத்திவிடுவார்களாம், எதிராளிக்குச் சும்மா ஒரு இடைஞ்சலாக. இவரையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்த மேட்ச் தோல்வி.

அதற்குப் பிறகு முதல் டீமில் ஆடவே இல்லை.

இவ்வளவுதான். இதற்குத்தான் மாலை.

ஜூலை 17, வியாழன்

ஆஸ்பத்திரி. பார்க்கிங் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி, பாப்பா வாந்தி, மாற்றுச் சட்டை காரில் இல்லை. டயப்பர் பையில் நான்கு விதமான மருந்து வைத்திருந்தேன், ஒரு சட்டை வைக்கவில்லை.

டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரர். படத்தைக் காட்டினார். முட்டிக்குள்ளே இருக்கிற நார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது. இப்போதைக்குப் பயிற்சி, கட்டு, ஓய்வு. இன்னொரு தடவை திரும்பினால் மொத்தமாகப் போகும், ஆபரேஷன், அதற்கப்புறம் மாதக்கணக்கில் வேலை இல்லை. பந்து ஆடுவீங்களா என்றார்.

"எப்பவாச்சும்" என்றார் கு.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு டாக்டர்" என்றேன் நான்.

டாக்டர் கு.வைப் பார்த்து, "ஜாங்கான் லா, பாங்." வேண்டாம்ணே. அவ்வளவு மரியாதையாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டிக்கொண்ட மனுஷனுக்கு இல்லாத அக்கறை, பேர் தெரியாத பொண்ணுக்கு.

காரில், சிக்னலில் நிற்கும்போது சொன்னார், "டாக்டருங்கன்னா அப்படித்தான் சொல்லுவாங்க."

முட்டி போனால் போகிறவை:
ஏணி. கு.வுக்கு ஏர்கோன் வேலை, ஏணி இல்லாமல் எவன் ஏசி மாட்டுவான்.
மோட்டார் சைக்கிள் கியர்.
எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் எப்போது ஓடியது என்று ஞாபகமே இல்லை.
பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு பாசாருக்குப் போவது. அவளுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அந்தத் தோள்.

ஜூலை 19, சனி

பயங்கர வெயில். பாடாங்குக்குப் பயிற்சி பார்க்கப் போனேன். "பார்க்க" இல்லை, காவல் காக்க. கு. கோல் பக்கத்தில் நின்று சும்மா பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். கோல்கீப்பர் தினேஷ் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அண்ணி, பயப்படாதீங்க. அண்ணன் ஓடவே வேணாம். எப்ப ஓடினாரு, இப்ப ஓடறதுக்கு?"

"ஓடாத ஆள எதுக்குடா எறக்கறீங்க?"

"மேல் லயத்துல கால் இருக்கறவன் மொத்தமே இவ்வளவுதான் அண்ணி. மிச்சம் எல்லாம் தொப்பை."

சிரித்துவிட்டேன். அது வேறு எனக்குக் கோபம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். நேராகவே கேட்டேன், நீங்க ஆடப் போறீங்களா இல்லையா. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "எங்கப்பா சாவுல நீயும் இருந்தல்ல?"

"இருந்தேன்."

"அப்பறம் என்ன."

அவ்வளவுதான். அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். ஊற்றினேன். எனக்கு என்மேல்தான் கோபம்.

ஜூலை 21, திங்கள்

கட்டுரை அனுப்பியாச்சு. பாப்பா தூங்கினதும் உட்கார்ந்து ஒரே மூச்சில். டிகிரி முடித்து, வேலையை விட்டு, பாப்பா பிறந்து, இவ்வளவு நாளில் இன்றைக்குத்தான் முழுசாக ஒன்று எழுதி முடித்தேன்.

இன்னும் தோண்டியதில் இன்னும் எரிச்சல். முட்டி போனதும் கிளப் இவருக்குச் சம்பளத்தை நிறுத்திவிட்டது. ஆனால் பேரை விடவில்லை. ரூல் அப்படியாம், பேர் அவர்கள் லிஸ்டில் இருக்கும், வேறு கிளப் கேட்டால் அவர்கள் சொல்கிற விலை கொடுத்து வாங்கணும். நொண்டிக் காலுக்கு எவன் கொடுப்பான். ஆடவும் முடியாது, போகவும் முடியாது. கட்டிப்போட்ட மாடு. அதனால்தான் கப்பல். இங்கே வந்தது தொரையாக இல்லை, தோட்டத்து ஆலையில் எஞ்சின் பார்க்கிற ஃபிட்டராக. பழைய பேப்பர் ஸ்கேன் ஒன்று கிடைத்தது, இங்கிருந்த வெள்ளைக்காரர் கிளப் இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பந்துக்குக் காசு வாங்கினவன் அவர்களோடு சமமாக நிற்கக் கூடாதாம். அதனால் லயத்து ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வேறு யார் இருந்தார்கள் அவருக்கு?

சுரங்கத்திலிருந்து வந்தவர். நம்மைப் போலத்தான். அதை எழுதினேன். அவரை விங்கில் நிறுத்தினார்கள், அவராக நிற்கவில்லை என்றும் எழுதினேன். கடைசியில்: மரியாதை செய்யணும்னா, அவருக்குக் கிடைக்காததைச் செய்வோம், மாத்து ஆள் விடுவோம்.

நல்லா வந்திருக்கு. நான் சொல்லக் கூடாது. ஆனா நல்லா வந்திருக்கு.

ஜூலை 23, புதன்

மணியம் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கி, கையில் பாப்பாவுக்கு ரம்புத்தான். பாப்பாவுக்கு ரம்புத்தான் கொடுக்கக் கூடாது, கொட்டை தொண்டையில் சிக்கும். மேலே எடுத்து வைத்தேன்.

"தங்கச்சி, நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா தோத்ததெல்லாம் எதுக்கு?"

"தோத்தாங்கண்ணே."

"எப்பவோ நடந்தது. தோத்தா என்ன, ஜெயிச்சா என்ன?"

"அப்ப நடந்ததையே போடலாமே."

"திருவிழா மலரும்மா இது, கோர்ட்டு இல்ல."

ஆக, முதல் பாதி மட்டும் அச்சில் வரும். அப்புறம் அவர் பழைய கதையையே ஒட்டிக்கொள்வார். என் பேர் கீழே இருக்கும். பேரை எடுத்துவிடுங்கள் என்றேன். "படிச்ச பொண்ணு பேர் இருந்தாத்தான் மலருக்கு மதிப்பு" என்றார்.

சரி, மாத்து ஆள்? கீழ் லயத்துக்காரர்கள் ஒத்துக்கொண்டால் விடலாம் அல்லவா?

"அவங்க ஒத்துக்குவாங்க. தொரை ஒத்துக்கணுமே."

வேடிக்கையாகச் சொல்லவில்லை. கட்டுரையை வரி வரியாகப் படித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து சொல்கிறார் இதை.

அப்புறம் குரலைத் தணித்தார். "இங்க பாரும்மா. ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி எப்ப வேணா ஆள மாத்தலாம், அதுல ஒரு குத்தமும் இல்ல. உன் புருஷன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லட்டும். சொல்லலியே. நான் போயி அவன்கிட்ட நீ ஆடாதேன்னு எப்படிச் சொல்றது? ராமு மகன்கிட்ட?"

போகும்போது படியில் நின்று: "அன்னிக்கு மைக்குல தொரை வரலாறு நீதான் படிக்கணும். குரல் நல்லா இருக்கு உனக்கு."

ஜூலை 25, வெள்ளி

கேஸ் வந்தது. பாப்பா "பாடாங்" என்று சொல்லப் பழகிவிட்டாள். பாதா, பாதா.

கு.விடம் சொன்னேன், அண்ணன் ஒரு வார்த்தை போதும் என்கிறார், ஆட்டத்துக்கு முன்னால் விலகினால் குற்றம் இல்லையாம்.

"குத்தம் இல்லதான். 'பாதி மகன் பாதிக்குக்கூட வரல'ன்னு சொல்லிட்டுப் போவானுங்க."

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கட்டுரையைப் படித்துக் காட்டினேன், வெட்டாத முழுசு. முதல் தடவையாகப் போனை நோண்டாமல் கேட்டார். லிஸ்டில் பேரை வைத்துக்கொண்டு சம்பளம் கொடுக்காத இடம் வந்ததும், "நாயிங்க" என்றார். முடித்ததும் கேட்டார்.

"அதுக்கப்பறம் ஆடவே இல்லயா?"

"ஆடல."

"ம்."

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஒரு காலில் பாரம் வைத்து நடந்தார். கேட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன். நிம்மதியாக இருக்கிறது. நிம்மதியாக இருந்தாலே எனக்குப் பயம்.

ஜூலை 27, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடணும்.

காலையில் ஜெர்சியை மடித்துப் பையில் வைத்தார். முட்டிக் கட்டுத் துணியையும். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

கூட்டம். கோயில் பக்கம் அன்னதானம், இந்தப் பக்கம் ஐஸ் துருவிப் போடும் ஐஸ் கச்சாங் கடை. தொரை படம் ஒரு நாற்காலியில், நாற்காலிமேல் பட்டுத் துண்டு. மீசை வைத்த இளைஞன். பார்த்தால் என் தம்பி வயது.

மைக்கைக் கொடுத்தார்கள். மலரில் இருந்ததைப் படிக்கச் சொல்லி மணியம் அண்ணன் பக்கத்தை மடித்தே கொடுத்தார். நான் போனை எடுத்து முழுசையும் படித்தேன். சுரங்கம், முட்டி, விங்கில் நிறுத்தியது, தோற்றது, பேரை விடாமல் பிடித்து வைத்தது, வெள்ளைக்காரர் கிளப் துரத்தியது, எல்லாம். மணியம் அண்ணன் தடுக்கவில்லை. ஐஸ் இயந்திரத்தைக்கூட நிறுத்திவிட்டார்கள். மாத்து ஆள் விடுவோம் என்று முடிக்கப் போகிறேன், அதற்குள் கைதட்டல். எழுந்து நின்று தட்டுகிறார்கள். என் பின்னால் ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு கொடுமையிலயும் வெளிய போகாம நின்னிருக்காரு பாரு மனுஷன்."

கடைசி வரி யார் காதிலும் விழவில்லை.

கு. கோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். பெருமையாக. நான் படித்தது அவரை நிறுத்தவில்லை, ஏற்றிவிட்டது. நானேதான் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

முதல் பாதி கோல் இல்லை. இரண்டாம் பாதியில் பந்து அவர் பக்கம் வந்தது, திரும்பினார். யாரும் தொடவில்லை. எதிராளி நாலடி தள்ளி இருந்தான். சும்மா திரும்பினார், விழுந்தார். சத்தம் போடவில்லை. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

ரெஃப்ரி விங்கைக் காட்டினார். தினேஷும் இன்னொருவரும் தாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். இடது விங், பெண்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு நேரே. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"வெளிய வாங்க" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"முகம் வெளுத்துப்போச்சு. வாங்க."

"பாப்பாவ அந்தப் பக்கம் திருப்பு. அவ பாக்க வேணாம்."

கீழ் லயத்து டிஃபென்டர் பையன் ஒருத்தன் அவர் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, போங்கண்ணே. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"ஊரே பாக்குதுடா" என்றார் கு. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார் வேறு.

அவர் ஒரு காலில் நிற்க, மற்றவர்கள் பத்துப் பேராக ஓட, கீழ் லயம் ஒரு கோல் போட்டது. இவர் பக்கமாகத்தான் வந்து போட்டார்கள். தடுக்க ஆளில்லையே. விசில். தோல்வி.

தோற்ற டீமுக்கும் மாலை உண்டு, நின்றவனுக்கு. நாற்காலியில் உட்கார வைத்தே போட்டார்கள். மணியம் அண்ணன் மைக்கில், "மேல் லயம் ராமு மகன் குகன்" என்றார். ராமு என்று மட்டும். பாதி இல்லை. கு. தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. வலியில் அழவில்லை, அது எனக்குத் தெரியும்.

எனக்கு அந்த மாலையைப் பிய்த்து எறியணும் போல இருந்தது. பிய்க்கவில்லை. பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 30, புதன்

புழுக்கம். மழை வரும் வரும் என்று வரவில்லை.

நேற்று ஆஸ்பத்திரி. நார் முழுசாகப் போயாச்சு. அதே டாக்டர். திட்டவில்லை. ஆபரேஷனுக்கு வரிசையில் பேர். எம்.சி. லீவு எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் வேறு ஆள் போட்டுவிட்டதாகச் சாயங்காலமே மெசேஜ். அங்கே மாத்து ஆள் உடனே கிடைக்கிறது.

மாடி: உட்கார்ந்தபடி, பின்பக்கமாக, படி படியாகக் கையை ஊன்றி ஏறினார். பாப்பா அது ஒரு விளையாட்டு என்று தானும் உட்கார்ந்து ஏறினாள். மூன்றாவது மாடியில் இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் இன்னும் ரொம்ப நாள் சிரிக்கப்போவதில்லை, எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இன்று மணியம் அண்ணன் வந்தார். ஆரஞ்சு, ஒரு ஊன்றுகோல். கு.வின் காலைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசினார். கிளம்பும்போது என்னிடம், "அடுத்த வருஷ மலருக்கு குகன் கதையப் போடணும்மா. ஒத்தக் கால்ல நின்னு ஆடினத. பிள்ளைங்களுக்குத் தெரியணும். நீயே எழுதிரு."

வாயில் வந்ததைச் சொல்லவில்லை. "எழுதறேண்ணே" என்றேன். அவர் செருப்பு மாட்டுவதற்குள் நோட்டை எடுத்துவிட்டேன். தொரைக்கு அந்த ஊர் மனுஷன் எழுதின மாதிரியே, ஐந்தாறு வரி.

குகன் ராமு. மேல் லயம். லெஃப்ட் ஹாஃப். ஏர்கோன் வேலை. முட்டி கிழிந்திருந்தது, எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் பாதியில் முழுசாகப் போனது. கொண்டுபோய் விங்கில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஆடவில்லை.

கு. கட்டிலிலிருந்து எட்டிப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"சரி. இதோட விடு" என்றார். "தோத்தத மட்டும் போடாத."

போட்டேன்.